லைசென்ஸ் யார் பெயரில் எடுப்பது? முறுக்கு வியாபாரம், பெஸ்தாரி ஜெயா

முறுக்கு வீடு:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில். பழைய ஆட்களுக்கு பத்தாங் பெர்ஜுந்தை. தோட்டத்து லயத்து வீட்டை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்த பிறகு வீட்டிலேயே முறுக்கு, ஓமப்பொடி, அச்சு முறுக்கு, நெய்யுருண்டை செய்து விற்கிறேன். தீபாவளிக்கு மட்டும் என்று தொடங்கியது, இப்போது வருஷம் முழுக்க ஆர்டர் வருகிறது. மாமியாரும் நானும்தான் பிழிகிறோம். வீட்டுக்காரருக்கு செம்பனை ஆலையில் வேலை. லீவு நாளில் டெலிவரி கொண்டுபோய்க் கொடுப்பார்.

இப்போது டவுனில் ஒரு மினி மார்க்கெட்காரர் என் பாக்கெட்டைக் கடையில் வைக்கச் சம்மதித்திருக்கிறார். எஸ்.எஸ்.எம். என்ற நிறுவன ஆணையத்தில் தொழில் பதிவு, பாக்கெட்டில் லேபல், டைபாய்டு ஊசி போட்ட அட்டை, மூன்றும் வேண்டும் என்கிறார். வீட்டில் பேச்சு அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கிறது. மகன் பெயரில் பதிவு செய்யுங்கள், ஆம்பளை பெயர் இருந்தால்தான் கடைக்காரன் மதிப்பான் என்று மாமனார் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் நல்லவர். அவர் பெயரில் இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று எனக்கும் தோன்றுகிறது. இருந்தாலும் மனசுக்குள் ஏதோ இடிக்கிறது.

அப்புறம் மாவு மெஷினும் பெரிய வாணலியும் வாங்க லோன் எடுக்கலாமா? அனுபவப்பட்ட அக்காமார் சொல்லுங்கள்.

ஊசிநூல்:

உங்கள் பெயரில்தான் எடுக்க வேண்டும் தங்காச்சி. இதில் இரண்டாவது யோசனையே வேண்டாம்.

நான் புக்கிட் ரோத்தான் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை, பாவாடை சட்டை, பள்ளிச் சீருடை. எஸ்.எஸ்.எம்.மில் ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ள சொந்தப் பெயரிலேயே பதிந்தால் வருஷத்துக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), கடைக்கு வேறு பெயர் வைத்தால் 60 வெள்ளி. கவுண்டரில் செய்யலாம், இணையத்திலும் செய்யலாம். தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதுதான் சட்டம், அதனால் தள்ளிப் போடாதீர்கள். எந்த இடத்திலும் புருஷன் கையெழுத்து கேட்க மாட்டார்கள்.

பதிவு கிடைத்த கையோடு பேங்குக்குப் போய் அந்தப் பெயரில் ஓர் அக்கவுண்ட் திறங்கள். கியூஆர் ஒட்டினால் அந்த அக்கவுண்டுக்கே பணம் வரட்டும். நாளைக்கு லோன் கேட்கப் போனால் முதலில் புரட்டிப் பார்ப்பது ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்டைத்தான். முறுக்குப் பணம் எல்லாம் வீட்டுக்காரர் அக்கவுண்டுக்குப் போனால், பேங்க் கண்ணுக்கு நீங்கள் வேலை இல்லாத ஒரு பெண்.

ராசா லோரி:

வணக்கம். நான் ஆண், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். புருஷன் பெண்டாட்டிக்குள் உன் பெயர் என் பெயர் என்ன? என் மனைவி நாசி லெமாக் போடுகிறாள். லைசென்ஸ் என் பெயரில்தான். மேசை தூக்குவது, பசார் மாலாம் இரவுச் சந்தையில் கூடாரம் கட்டுவது, ஆபீசர் வந்தால் பேசுவது எல்லாம் நான்தான். ஒரு பிரச்சினையும் வந்ததில்லை. குடும்பத்தில் எல்லாரும் ஒரு பக்கம் நிற்கும்போது ஒரு காகிதத்துக்காக மாமனாரை எதிர்த்து நிற்பது நல்லதா தங்காச்சி? யோசித்துச் செய்யுங்கள்.

பூக்கடை:

ராசா அண்ணே, உங்கள் வீட்டில் எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். நான் என் கதையைச் சொல்கிறேன், பிரச்சினை வந்தால் எப்படி வரும் என்று தெரியட்டும்.

கோயில் வாசலில் எங்கள் கடை. மாலை கட்டுவது, கல்யாணத்துக்குச் சரம், சாவுக்கு மலர் வளையம். கட்டுவது நான். விடியற்காலையில் மல்லிகை இறக்குவது நான். யாருக்கு எத்தனை முழம் கடன் என்று மனசில் வைத்திருப்பது நான். கடை, லைசென்ஸ், பேங்க் எல்லாம் அவர் பெயரில். அவரும் நல்ல மனுஷன்தான், ஒரு நாள் கை நீட்டியதில்லை. நெஞ்சு வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

ஒருவர் பெயரில் மட்டும் உள்ள அக்கவுண்டை, ஆள் இறந்துவிட்டது தெரிந்ததும் பேங்க் நிறுத்தி வைத்துவிடும். அது சட்டம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பூ கொண்டுவருகிறவருக்கு அந்த வாரமே காசு கொடுக்க வேண்டும். தனி ஆள் பெயரில் பதிந்த வியாபாரம் அந்த ஆளோடு கட்டப்பட்டது, மனைவிக்குத் தானாக வந்து சேராது. நான் மரணச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகள் சூராட் பெரானாக் (பிறப்புச் சான்றிதழ்) எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினேன். ஒரு கவுண்டரில் ஓர் இளம் பையன், அம்மா நீங்கள் அந்தக் கடையில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டான். அவன் மேல் தப்பில்லை. அவன் கையில் இருந்த எந்தத் தாளிலும் என் பெயர் இல்லை.

காதில் கிடந்ததை அடகு வைத்துத்தான் பூ இறக்கினேன். இப்போது எல்லாம் என் பெயரில். மகள் பெயரையும் சேர்த்துக் கூட்டாகப் பதிந்திருக்கிறேன். முறுக்கு வீடு தங்காச்சி, வீட்டுக்காரர் நல்லவரா கெட்டவரா என்பது இதில் கேள்வியே இல்லை. நல்லவர் வீட்டிலும் சாவு வரும்.

ராசா லோரி:

படித்தேன் அக்கா. இதற்கு மேல் நான் எதுவும் சொல்லக் கூடாது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். கூட்டாகப் பதியலாம் என்கிறீர்களே, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பெயரிலும் பதிந்தால் மாமனாருக்கும் திருப்தி ஆகாதா?

கணக்குப்பிள்ளை:

பதியலாம் அண்ணே. ஆனால் கூட்டுத் தொழில் என்றால் ஒருவர் தொழிலுக்காக வாங்கிய கடனுக்கு இன்னொருவரும் பொறுப்பு. வீட்டுக்காரருக்கு மோட்டார் கடன் பாக்கி, பழைய கிரெடிட் கார்டு என்று ஏதாவது இருந்து சி.டி.ஓ.எஸ். என்ற கடன் வரலாற்று அறிக்கையில் பெயர் அடிபட்டிருந்தால், லோன் விண்ணப்பத்தில் அதுவும் சேர்ந்து வந்து நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே வியாபாரத்தைச் சுத்தமான பெயரில் வைத்திருப்பது குடும்பத்துக்குப் பாதுகாப்பு. மாமனாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பெண் உரிமை என்று பேச்சைத் தொடங்க வேண்டாம். என் அப்பாவிடம் எடுபட்டது இந்த வழிதான்.

ஈஜோக் வாசி:

எல்லாரும் பதிவு பதிவு என்கிறீர்கள். பதிந்தால் வரி ஆபீஸ் கடிதம் அனுப்பும். அரசாங்கம் கொடுக்கும் ரஹ்மா உதவித் தொகை நின்றுபோகும். வாடகை வீட்டுக்காரர் பார்த்தால் காலி பண்ணச் சொல்வார். எங்கள் வரிசையில் நாலு பெண்கள் பலகாரம் செய்கிறார்கள், ஒருவரும் பதியவில்லை, நிம்மதியாக இருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:

நான் ரவாங்கில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இந்தப் பயத்தைத் தினமும் கேட்கிறேன், அதனால் பொறுமையாகவே சொல்கிறேன்.

ரஹ்மா உதவி குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது. எஸ்.எஸ்.எம். பதிவு இருக்கிறது என்பதற்காக மட்டும் அது நிற்காது. வரி வேறு விஷயம். தொழில் வருமானம் உள்ளவர் ஃபாரம் பி என்ற வருமான வரிப் படிவத்தை நிரப்ப வேண்டும், கடைசி நாள் ஜூன் 30. நிரப்புவது என்றால் கட்டுவது என்று அர்த்தம் இல்லை. வாணலி அளவில் நடக்கும் வியாபாரத்தில் செலவும் கழிவுகளும் போக, பெரும்பாலும் கட்ட ஒன்றும் மிஞ்சாது. மின் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) என்று ஒரு பேச்சு ஓடுகிறதே, ஆண்டு விற்பனை 1,000,000 வெள்ளிக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதில் விலக்கு உண்டு.

வாடகை வீடு பற்றிச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எஸ்.எஸ்.எம். பதிவும் நகராண்மைக் கழக லைசென்சும் வேறு வேறு. பதிவு இருந்தால் எங்கே வேண்டுமானாலும் அடுப்பு மூட்டலாம் என்று ஆகாது. கோல சிலாங்கூரில் லைசென்ஸ் பிரிவில் நேரில் கேட்டுவிடுங்கள், வீட்டு உரிமையாளரிடம் ஒரு கடிதமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உணவு கையாள்பவர் பயிற்சியும் டைபாய்டு ஊசியும் 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகளில் வருபவை. ஊசி மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும், பிறகு மறுபடி போட வேண்டும். மாமியாரும் மாவில் கை வைக்கிறார் என்றால் அவருக்கும் வேண்டும். லேபலில் பொருளின் பெயர், சேர்மானம், எடை, காலாவதி தேதி, தயாரித்தவர் பெயர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். தயாரித்தவர் பெயர் என்ற இடத்தில் யார் பெயர் வரப்போகிறது என்பதைத்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஓய்வாசிரியர்:

பிள்ளைகளே, நான் இந்தப் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேச்சுக்கு நடுவில் கொஞ்சம் பழைய கதை.

இங்கே பெண்கள் சம்பாதிப்பது புதிதல்ல. எங்கள் அம்மா விடியுமுன் எழுந்து நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போவார். ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும் நிலைமை மாறியது. குலை வெட்டுவது ஆண்கள் வேலை ஆகிவிட்டது, பெண்களுக்கு உதிரிப்பழம் பொறுக்குவதும் மருந்து அடிப்பதும் மிஞ்சின. மலேசியா தடை செய்த பாராகுவாட் களைக்கொல்லியை 2020 வரைக்கும் முதுகில் சுமந்து அடித்தவர்களில் நம் பெண்கள் எத்தனை பேர்! இன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து பலகாரம் செய்து விற்கிற பெண், அந்த வேலைக்கு மறுபடி போக மாட்டேன் என்று முடிவெடுத்த பெண்தான்.

தோட்டத்தில் கஷ்டம் இருந்தது, ஆனால் ஆயா கொட்டகை என்று ஒன்றும் இருந்தது. பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். தாமானுக்கு வந்த பிறகு அந்தக் கொட்டகை இல்லை. கடை எடுத்து நடத்தக்கூடிய திறமை உள்ளவர்கள் வீட்டு அடுப்பிலேயே நின்றுவிடுவதற்குப் பாதிக் காரணம் பிள்ளையை யார் பார்ப்பது என்பதுதான். லோன் கொடுக்கிறவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை.

இன்னொன்று. 1960ல் அமைச்சராக இருந்த சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலம். மாதம் பத்து வெள்ளி கட்டிச் சேரலாம். எங்கள் அம்மாவும் கட்டினார். சாகும் வரைக்கும் அந்தப் பங்குப் பத்திரத்தைத் தகரப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தார். வீடு துரையுடையது, சம்பளப் புத்தகம் தோட்டக் குமாஸ்தாவான கிராணியிடம். அவர் பெயர் போட்ட ஒரே சொத்து அதுதான். முறுக்கு வீடு, உன் பெயரில் பதிவு செய் அம்மா.

முறுக்கு வீடு:

எல்லாருக்கும் நன்றி. ஐயா எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். அவரும் உதிரிப்பழம் பொறுக்கியவர்தான். ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன். அவருக்கு ஆட்சேபணை இல்லை. அப்பாவிடம் நீயே சொல் என்கிறார்.

கணக்குப்பிள்ளை அக்கா, கணக்கில் ஓர் உதவி. மினி மார்க்கெட்காரர் விற்பனை விலையில் 25 விழுக்காடு அவருக்கு என்கிறார். நான் இப்போது கிலோ 25 வெள்ளிக்கு விற்கிறேன். கட்டுமா?

கணக்குப்பிள்ளை:

செலவைச் சொல்லுங்கள். மாவு, பருப்பு, எண்ணெய், எள்ளு, வெண்ணெய், காஸ், பாக்கெட், எல்லாம். ஒரு தடவை அடுப்பு மூட்டினால் எத்தனை கிலோ, எத்தனை மணி நேரம், எத்தனை பேர் என்றும் சொல்லுங்கள்.

முறுக்கு வீடு:

சாமான் கிலோவுக்குக் கிட்டத்தட்ட 11 வெள்ளி. காஸ், பாக்கெட் எல்லாம் சேர்த்து இரண்டரை. ஒரு தடவைக்கு 6 கிலோ. மாவு வறுப்பதிலிருந்து பாக்கெட் ஒட்டும் வரைக்கும் ஐந்து மணி நேரம், நானும் மாமியாரும்.

கணக்குப்பிள்ளை:

சரி, போட்டுப் பார்ப்போம்.

கிலோவுக்குச் செலவு 13.50. 25க்கு விற்றால் 11.50 மிச்சம். ஆறு கிலோவுக்கு 69 வெள்ளி. இரண்டு பேர் ஐந்து மணி நேரம் என்றால் பத்து மணி நேர உழைப்பு. ஆக, ஒரு மணி நேரத்துக்கு 6.90. நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் இப்போது மாதம் 1,700 வெள்ளி, மணிக்கணக்கில் 8.72. வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்கும்போதே சட்டம் சொல்லும் கூலியைவிடக் குறைவாகத்தான் நீங்கள் இரண்டு பேரும் எடுக்கிறீர்கள்.

இதே விலையில் கடைக்குக் கொடுத்தால் உங்கள் கைக்கு வருவது கிலோவுக்கு 18.75. செலவு போக 5.25. ஆறு கிலோவுக்கு 31.50, மணிக்கு 3.15. அடுப்பு முன்னால் நின்று வேர்த்து வடிவதற்கு இந்தக் கூலி ஆகாது.

இன்னொரு சந்தேகம். சாமான் 11 வெள்ளிதான் என்றால், பாக்கெட் எண்ணெயா வாங்குகிறீர்கள்? அந்த 2.50 வெள்ளிப் பாக்கெட் வீட்டுச் சமையலுக்கு என்று அரசாங்கம் சலுகை விலையில் கொடுப்பது. வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. பாட்டில் எண்ணெய் இரண்டு மடங்குக்கு மேல் வரும். அந்த விலையைப் போட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கடைக்குக் கிலோவாகக் கொடுக்காதீர்கள். 200 கிராம் பாக்கெட்டாகப் போடுங்கள். சின்னப் பாக்கெட், லேபல், நல்ல எண்ணெய் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்குச் செலவு 16.50 என்று வையுங்கள். பாக்கெட் 7.50க்கு விற்றால், கடைக்காரர் பங்கு போகக் கிலோவுக்கு 28 வெள்ளி சொச்சம் வரும். கணக்குப் போட்டால் மறுபடி அதே 6.90 பக்கம்தான் வந்து நிற்கிறது. 8.50க்குப் போட்டால்தான் மணிக்கு 9 வெள்ளியைத் தாண்டும். அதற்குக் கீழே இறங்காதீர்கள். கடைக்காரர் பேரம் பேசினால் கமிஷனைக் குறைக்கச் சொல்லுங்கள், உங்கள் விலையைக் குறைக்காதீர்கள்.

சின்னப்பொண்ணு:

அக்கா, நான் யூனிசெல் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன், பெஸ்தாரி ஜெயா வளாகத்தில். உங்கள் முறுக்கை எங்கள் ஹாஸ்டலில் சாப்பிட்டிருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன், கறிவேப்பிலை போட்டது. மாணவர்கள் 8.50 கொடுத்து வாங்க யோசிப்பார்கள், ஆனால் 80 கிராம், 100 கிராம் என்றால் கையில் இருக்கும் சில்லறைக்கு வாங்கிவிடுவார்கள். மலாய்த் தோழிகளும் கேட்கிறார்கள். ஹலால் முத்திரை கட்டாயம் இல்லை, ஆனால் சான்றிதழ் வாங்காமல் பாக்கெட்டில் ஹலால் என்று போடக் கூடாது. சேர்மானத்தைத் தெளிவாக மலாயில் எழுதுங்கள், அதுவே பாதி நம்பிக்கை. லேபல் நான் வடிவமைத்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

ஊசிநூல்:

தங்கம், காசு வாங்கு. மேலே இவ்வளவு கணக்கும் போட்டது அதற்குத்தான். முறுக்கு வீடு சொந்தக்காரருக்கும் சும்மா கொடுக்கக் கூடாது, நீயும் சும்மா வரையக் கூடாது. நம் பெண்களிடம் வேலை வாங்குகிறவர்கள் முதலில் கேட்பதே, நம்ம ஆளுதானே, பார்த்துப் போடு என்பதுதான். எனக்கு இன்றைக்கும் ரவிக்கைக் கடன் ஒரு நோட்டு நிறைய இருக்கிறது. சம்பளம் போட்டதும் தருகிறேன் என்றவர்கள் எத்தனையோ சம்பளம் வாங்கிவிட்டார்கள். இப்போது பாதிக் காசு முன்பணம் வாங்காமல் துணியை வெட்டுவதில்லை. ஆரம்பத்தில் கோபித்துக்கொண்டு போனவர்களில் பலர் திரும்பி வந்துவிட்டார்கள்.

லோன் பற்றியும் எழுதிவிடுகிறேன், யாரும் தொடவில்லை.

முதலில் எதை எடுக்கக் கூடாது. தெருவில் லைட்டுக் கம்பத்துக்குக் கம்பம் நம்பர் ஒட்டியிருக்கும், ஒரே நாளில் பணம் என்று. அதைத் தொடாதீர்கள். உரிமம் உள்ள வட்டிக்கடைக்கே சட்டத்தில் வரம்பு உண்டு, அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடுதான். உரிமம் இல்லாத வட்டிக்காரன் ஆலோங் வாரத்துக்கே அதை வாங்கிவிடுவான். அதைவிட மோசம், ஏ.டி.எம். கார்டையும் பின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்வது. அந்த அக்கவுண்டில் மோசடிப் பணம் ஓடினால் போலீஸ் தேடி வருவது உங்களைத்தான். எங்கள் வரிசையில் ஒரு பெண்ணுக்கு அக்கவுண்ட் முடங்கி, அவள் உழைத்துப் போட்ட காசையும் எடுக்க முடியாமல் அழுதாள். மோசடியில் மாட்டினால் உடனே மோசடிப் புகார் எண் 997க்குக் கூப்பிடுங்கள். கடனில் ஏற்கனவே மூழ்கியவர்கள் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006ல் அமைத்த ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போகலாம், ஆலோசனைக்குக் காசு கிடையாது.

கூட்டு, அதாவது ஆளுக்குக் கொஞ்சம் போட்டு முறை வைத்து எடுக்கும் சீட்டு, நம் பெண்களின் பழைய பேங்க். என் முதல் தையல் மெஷின் கூட்டுப் பணத்தில்தான் வந்தது. ஆனால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டைத் தொழிலாக நடத்துவது குற்றம். பிடிப்பவர் ஓடிவிட்டால் புகார் கொடுக்கவும் வாய் வராது. நம்பிக்கையான நாலு பேருக்குள் என்றாலும் மெஷின் வாங்கும் பணத்தை அதில் போடாதீர்கள்.

சரி, எங்கே போவது? சிறு தொழில்களுக்குக் கடன் கொடுக்கும் அரசாங்க நிறுவனமான தெக்குன் நேஷனலில் இந்தியர்களுக்கென்று ஸ்பூமி என்ற கடன் திட்டம் இருக்கிறது. அமானா இக்தியார் மலேசியா 1987ல் வங்காளதேசத்து கிராமீன் வங்கி முறையில் தொடங்கியது. ஐந்து பெண்கள் ஒரு குழு, அடமானம் வேண்டாம், வாராவாரம் தவணை. நம் பெண்கள் அதில் ரொம்பக் காலம் குறைவாகத்தான் இருந்தார்கள். 2024ல் இந்தியப் பெண்களுக்கென்றே பெண் என்ற பெயரில் 50 மில்லியன் வெள்ளி ஒதுக்கினார்கள். சிலாங்கூரில் இருப்பதால் மாநிலத்தின் சிறுகடன் நிறுவனமான ஹிஜ்ரா சிலாங்கூரிலும் கேட்கலாம், அதில் இனம் பார்ப்பதில்லை. மாநில அரசின் ஐ-சீட் திட்டம் பணமாகத் தராது, தொழில் உபகரணமாகத் தரும். மாவு மெஷின், வாணலி என்று கேட்டீர்களே, கடன் வாங்குவதற்கு முன்னால் அங்கே விண்ணப்பம் போடுங்கள்.

ஒவ்வோர் இடத்திலும் முதலில் கேட்பது ஐசியும் எஸ்.எஸ்.எம். தாளும். ஏஜென்ட் என்று ஒருவர் வந்து, நான் வாங்கித் தருகிறேன், முதலில் 300 வெள்ளி கொடு என்றால் கதவைச் சாத்துங்கள்.

ஈஜோக் வாசி:

திட்டம் எல்லாம் பேப்பரில் நன்றாகத்தான் இருக்கிறது. என் மனைவி போன கவுண்டரில் மலாயில் ஒரு பெரிய ஃபாரத்தைக் கொடுத்து, வியாபாரத் திட்டம் எழுதிக்கொண்டு வா என்று அனுப்பினார்கள். அவள் ஆறாம் வகுப்போடு நின்றவள். பஸ் பிடித்துப் போய் வந்த ஒரு நாள் வீண். அதற்கு மேல் அவள் போகவில்லை. பதியாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எழுதத்தான் வந்தேன்.

கணக்குப்பிள்ளை:

அண்ணே, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வரி பற்றி அவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். நீங்கள் சொல்வதுதான் உண்மையான தடை. வியாபாரத் திட்டம் என்பது நாலு விஷயம்: என்ன விற்கிறேன், யார் வாங்குகிறார்கள், மாதம் எவ்வளவு வரவு செலவு, இந்தப் பணத்தில் என்ன வாங்குவேன். அக்கா வாயால் தமிழில் சொல்லட்டும், வாட்ஸாப்பில் குரல் பதிவாக அனுப்பினாலும் சரி, நான் மலாயில் எழுதித் தருகிறேன். தினமும் விற்றதையும் வாங்கியதையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்புப் படிப்பு அதற்குப் போதும்.

பூக்கடை:

சனிக்கிழமை காலையில் நான் கடையில்தான் இருப்பேன். ஈஜோக்கிலிருந்து வருகிறவர்கள் ஃபாரத்தைக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து நிரப்புவோம். கவுண்டருக்குத் தனியாகப் போகப் பயமாக இருந்தால் நான் கூட வருகிறேன். எந்தெந்த ஆபீசில் எந்த மாடி என்பது எனக்குப் பாடம்.

முறுக்கு வீடு:

பதிவு முடிந்தது. என் பெயரில், 30 வெள்ளி. வீட்டுக்காரர் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். மாமனார் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சி.டி.ஓ.எஸ். விஷயத்தை எடுத்துச் சொன்ன பிறகு கத்துவது மட்டும் நின்றிருக்கிறது.

மினி மார்க்கெட்காரர் 8.50 அதிகம் என்றார். நான் இறங்கவில்லை. கமிஷனை 20 ஆக்கினால் 8.20க்குத் தருகிறேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி, மறுநாள் முதல் தவணையாக நாற்பது பாக்கெட் கேட்டிருக்கிறார். ஐ-சீட்டுக்கும் விண்ணப்பம் போட்டாகிவிட்டது, லோன் இப்போதைக்கு வேண்டாம் என்று இருக்கிறேன். லேபலுக்குச் சின்னப்பொண்ணுக்குக் காசு கொடுத்துவிட்டேன், வாங்க மாட்டேன் என்று அடம் பிடித்தாள்.

இப்போது ஒரு புதுக் கேள்வி. கணக்கைப் படித்துக் காட்டியதிலிருந்து மாமியார் ஒன்றையே கேட்கிறார்: அந்தப் பத்து மணி நேரத்தில் ஐந்து என்னுடையதுதானே, அதற்கு எவ்வளவு? அவருக்கு 57 வயது. இத்தனை வருஷம் பிழிந்ததற்கு நான் ஒரு சேலையும் தீபாவளிக் காசும்தான் கொடுத்திருக்கிறேன். அவரும் வேறு எதுவும் கேட்டதில்லை. எப்படிக் கொடுப்பது?

கணக்குப்பிள்ளை:

மணிக்கணக்கில் கொடுங்கள், உங்களுக்கு எடுக்கும் அதே விலையில். புது விலையில் மணிக்கு 9 வெள்ளி நிற்கும், ஆறு கிலோ ஒரு தடவைக்கு அவருக்கு 45. அவருடைய சொந்த அக்கவுண்டுக்குப் போடுங்கள். கையில் கொடுத்தால் பேரப்பிள்ளை ஐஸ்கிரீமுக்கும் மளிகைக்கும் போய்விடும். அக்கவுண்ட் இல்லை என்றால் நீங்கள் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய்த் திறந்துவிடுங்கள்.

60 வயது ஆகாததால் அவரும் இ.பி.எஃப். என்ற சேமநிதியில் ஐ-சாரான் சேமிப்புத் திட்டத்தை எடுக்கலாம். போடும் பணத்துக்கு அரசாங்கம் 20 விழுக்காடு சேர்த்துத் தரும், வருஷத்துக்கு உச்சம் 500 வெள்ளி. உங்களுக்கும் அதுவே. அப்புறம் நீங்கள் பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் சுயதொழில் செய்பவர் விபத்துக் காப்புத் திட்டத்தில் சேருங்கள், குறைந்த சந்தா வருஷத்துக்கு 157.20 வெள்ளி. கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில் நிற்கிற வேலை, அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

முறுக்கு வீடு:

45 என்று சொன்னேன். தீபாவளி சமயத்தில் இரண்டு தடவை அடுப்பு மூட்டுவோமே, அப்போது 90தானே என்று கேட்டுவிட்டு உறுதி செய்துகொண்டார். திங்கட்கிழமை பேங்குக்குப் போகிறோம். பூக்கடை அக்கா, 57 வயதில் புது அக்கவுண்ட் திறக்க ஐசியைத் தவிர வேறு என்ன கேட்பார்கள்?

பூக்கடை:

ஐசி, முதல் வைப்புத் தொகை கொஞ்சம், அவருடைய சொந்தக் கைபேசி எண். உங்கள் எண்ணைக் கொடுக்காதீர்கள். அவருக்குத் தனி எண் இல்லை என்றால் முதலில் ஒரு சிம் வாங்கிவிடுங்கள், பேங்குக்கு எதிரிலேயே கடை இருக்கிறது. கையெழுத்துக்குப் பதில் ரேகை வைப்பவர் என்றால் சொல்லுங்கள், அதற்குத் தனி ஃபாரம் கொடுப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டு வைக்கிறேன்.

முறுக்கு வீடு:

கையெழுத்துப் போடுவார் அக்கா, தமிழில். நேற்று ராத்திரி முறுக்கு பாக்கெட் அட்டையின் பின்பக்கம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி மறுபடி ஒரே மாதிரி வருகிறதா என்று என்னிடம் காட்டிக் கேட்டார். திங்கட்கிழமை ஒன்பதரைக்குக் கிளம்புகிறோம்.